அபியின் மிஷினுக்கு நாங்கள் தைத்துப் போட்ட உறை

எந்த நாளிலிருந்து என் மகளுக்கு நான் பேசியது கேட்காமல் போனது? மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. டாக்டரிடம் கேட்டேன். காதைச் சோதிக்க வந்தவரிடம் கேட்டேன். காலண்டரை வைத்துக்கொண்டு நானே பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முன்பா பின்பா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. ஆயுத பூஜையன்று எடுத்த போட்டோவில் அபி சிரிக்கிறாள். ஆனால் அவள் எப்போதும் சிரிக்கிற பிள்ளைதான்.

அபிக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. பிறவியிலேயே இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. காதின் உட்பகுதியில் சத்தத்தை வாங்கி நரம்புக்கு அனுப்பும் நுண்ணிய செல்கள் இருக்கும். அவளுக்கு அவற்றில் பல வேலை செய்வதில்லை. அடைப்பு என்றால் எடுத்துவிடலாம், ஓட்டை என்றால் அடைத்துவிடலாம், இது இரண்டும் இல்லை என்றார்கள். மிச்சமிருக்கிற செல்களுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது ஒன்றுதான் வழி. இரண்டு வயதில் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி போட்டோம். எங்கள் வீட்டில் அதை மிஷின் என்றுதான் சொல்வோம். அதை மாட்டிய பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை “காக்கா”. “அம்மா” வருவதற்கு அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நாங்கள் ராஜபாளையத்தில் இருக்கிறோம். என் கணவர் பேண்டேஜ் துணி வெளுக்கும் பிளீச்சிங் யூனிட்டில் சூப்பர்வைசர். நான் கணிதம் படித்தவள். அபிக்காக வேலைக்குப் போகவில்லை. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அவளை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போவேன். என் அக்கா அங்கேதான் இருக்கிறாள்.

மிஷின் கொடுத்தபோதே சொன்னார்கள், இதற்கு முதல் எதிரி ஈரம் என்று. மழை மட்டும் இல்லை. வேர்வை, குளித்த தலையின் ஈரம், காதுக்குள் பொருத்தும் அச்சுக்கும் மிஷினுக்கும் நடுவே உள்ள குழாயில் முத்து முத்தாகக் கோக்கும் நீர், எல்லாமே எதிரிதான். இரவில் கழற்றியதும் பேட்டரியை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்து மூட வேண்டும். மிஷினோடு வந்த ஆங்கிலத் தாளில், இதன் மேல் நீர் ஒட்டாத பூச்சு இருக்கிறது என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மழைக்கோட்டு மாதிரி ஏதோ ஒன்று போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பூச்சு எவ்வளவு நாள் நிற்கும் என்று தாளில் இருந்ததா? இருந்திருக்கலாம். எழுத்து பொடியாக இருந்தது. நான் கடைசிப் பக்கம் வரை படித்தேனா என்பது இப்போது நினைவில்லை.

எல்.கே.ஜி.யில் சேர்ந்தபோது வெயில் இன்னும் தணியவில்லை. பள்ளி விட்டு வரும்போது அபியின் காதோரம் தண்ணீராக வழியும். ஒரு நாள் மிஷினைக் கழற்றினால் அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. என் கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் யூனிட்டிலிருந்து ஒரு முழம் துணி கொண்டு வந்தார்.

அவர் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தறியிலிருந்து வரும் காடாத் துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், நனையாது. அதைச் சோடா போட்டு அவித்து, வெளுத்து, அலசி எடுத்த பிறகுதான் காயத்துக்குக் கட்டும் துணியாகிறது. ஒவ்வொரு லோடிலும் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, எத்தனை நொடியில் மூழ்குகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சீக்கிரம் மூழ்கினால் நல்ல துணி. பன்னிரண்டு வருஷமாக அவர் பார்த்து வரும் வேலை அது.

அன்று எங்கள் வீட்டு வாளியிலும் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அடியில் போய்விட்டது.

“பாத்தியா, எம்புட்டு வேர்வை வந்தாலும் இது குடிச்சிரும். மிஷின்கிட்ட விடாது” என்றார்.

அந்தத் துணியை நான்கு மடிப்பாக மடித்து, மிஷின் அளவுக்குச் சின்ன உறையாகத் தைத்தேன். பத்து ஜோடி. ஓரத்தில் ஆரஞ்சு நூலில் ஒரு பூ போட்டேன். பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். சாயங்காலம் கழற்றும்போது உறை நனைந்து கனமாக இருக்கும். அவ்வளவையும் துணி பிடித்துக்கொண்டதே என்று ஒவ்வொரு நாளும் சந்தோஷப்பட்டேன். அந்த ஈரத்துணி காலையிலிருந்து சாயங்காலம் வரை எதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது என்று கணிதம் படித்த நானும் யோசிக்கவில்லை, தினமும் துணியோடு புழங்குகிற அவரும் யோசிக்கவில்லை.

மிஷின் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லித் தந்திருந்தார்கள். அதற்கு இரண்டு வழி. மிஷினை உள்ளங்கையில் பொத்தினால் ‘கீ’ என்று கத்த வேண்டும். கத்தினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பிள்ளைக்கு மாட்டிவிட்டு, நம் வாயைப் பார்க்காதபடி உட்கார வைத்து ஆறு ஒலிகளைச் சொல்ல வேண்டும்: ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். தாழ்ந்த சத்தத்திலிருந்து கீச்சென்ற சத்தம் வரை பேச்சில் வருவதெல்லாம் இந்த ஆறுக்குள் அடங்கிவிடுமாம். ஒவ்வொன்றும் கேட்டதும் பிள்ளை ஒரு பாசிமணியை டம்ளரில் போட வேண்டும். அபியை மடியில் சாய்த்து, முதுகு என் நெஞ்சில் படும்படி வைத்துக்கொண்டு தினமும் காலையில் செய்வேன். ஒரு நாளும் விட்டதில்லை. ஆறு ஒலி, ஆறு மணி. டம்ளரைக் குலுக்கிவிட்டு ஓடிவிடுவாள்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் வகுப்பு டீச்சர் சொன்னார், அபி இப்போதெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று. வீட்டிலும் அப்படித்தான். செல்லம் கூடிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் நின்றாள். அபி அபி என்று நான்கு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. மினி பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது. ஓடிப்போய்த் தூக்கி வந்து, கையில் இரண்டு அடி வைத்தேன். “கூப்பிடுறது காதுல விழலையா” என்று கேட்டேன். அந்த வார்த்தையைத்தான் கேட்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் காதைத் தொட விடவில்லை, அழுதாள். வலது காதிலிருந்து லேசாக நீர் வந்தது. முகத்துக்கு நேராக நின்று பேசினால் ஒழிய எதற்கும் பதில் இல்லை. திங்கட்கிழமை காலை அக்காவுக்குப் போன் செய்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஒரு தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவமனைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் வயதானவர், பொறுமையானவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் பூஞ்சை பிடித்திருக்கிறது, வலது காது உள்ளே வீங்கியிருக்கிறது என்றார். ஈரம் தங்கும் காதில் வருவதுதான், மருந்து வைத்தால் சரியாகும், அதுவரை அச்சைக் காதில் போட வேண்டாம் என்றார். அதில் எனக்குப் பயமில்லை. பிறகு கேட்டார், “எத்தனை நாளா திரும்ப மாட்டேங்குறா?”

பத்து நாள் இருக்கும் என்றேன். மிஷின் போட்டிருக்கும்போதுமா என்றார். ஆமாம் என்றேன்.

“மிஷின் சரியா வேலை செய்யுதாம்மா?”

“தினமும் காலையில செக் பண்றேன் சார். ஆறு சத்தமும் சரியாச் சொல்றா.”

ஆறு சத்தமும் கேட்கிற பிள்ளை எப்படிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கும் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டாக்டருக்கும் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் படித்தவள் மாதிரி தெளிவாகப் பதில் சொன்னேன், அவர் அதை நம்பினார்.

வைரஸ் காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு உட்காது பாதிக்கப்பட்டு, இருக்கிற கேட்கும் திறனும் குறைந்துபோகும் என்றார். அப்படியானால் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பலன் இல்லை. முழுச் சோதனை செய்யும் ஆடியாலஜிஸ்ட் மதுரையிலிருந்து வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். அதுவரை காத்திருக்காமல் இன்றே ஊசியைத் தொடங்கலாம், ஐந்து நாள் என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சரி என்று யார் சொன்னது என்பதுகூட இப்போது நினைவில்லை.

நர்ஸ் அபியின் கம்மலைக் கழற்றி, மிஷினோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். உறையோடு அப்படியே என் பையில் போட்டேன். அதற்குப் பிறகு நான்கு நாள் யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

கையில் ஊசி ஏற்றும் குழாய் குத்தும்போது அபிக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல வழி இல்லை. மற்றப் பிள்ளைகளிடம் “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு” என்று சொல்கிறார்கள். அபியிடம் எதையும் சொல்ல முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள், ஏதாவது சொல்வேன் என்று. நான் என்ன சொல்ல?

ஸ்டீராய்டு போட்டால் பசி அதிகமாகும், கோபம் வரும், முகம் கொஞ்சம் உப்பும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றும் வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா கொண்டுவந்த இட்லியில் ஆறைச் சாப்பிட்டுவிட்டு ஏழாவதுக்கு அழுதாள். அக்காவுக்குச் சிரிப்பு. “ஒனக்கு ஊசிய நெல்லா போடுதாவ போல, எங்க வீட்டு ஆம்பிளைகூட இம்புட்டுத் திங்க மாட்டாரு” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, நீ தின்னியா?”

பசிக்கவில்லை என்றேன்.

“அபி, பாருட்டி. ஒனக்குக் காது கேக்கல. ஒங்கம்மைக்குக் கேக்கும், ஆனா சொன்ன பேச்சுக் கேக்க மாட்டா” என்று சொல்லி, தட்டை என் மடியில் வைத்தாள். நான் அழுததும் அவளும் அழுதுவிட்டாள். அபி எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்கா தினமும் இரண்டு முறை வந்தாள். வெளியே மழை கொட்டினாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிபன் கேரியரை முந்தானையால் மூடி எடுத்து வருவாள். அத்தான் தாளில் படம் வரைந்து கொடுத்தார்: ஊசி, வீடு, பஸ். முதலில் ஊசி, பிறகு பஸ், பிறகு வீடு என்று அம்புக்குறி போட்டிருந்தார். நான்கு நாளில் அபிக்கு ஒழுங்காக எதையாவது சொல்லிப் புரியவைத்தது அந்தத் தாள் ஒன்றுதான். இதை நான் ஏன் முதல் நாளே செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டேன். இப்படிக் கேட்டுக்கொள்வதைத் தவிர அங்கே எனக்கு வேலையும் இல்லை.

பில்லைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டச் சொல்லி ஒரு சீட்டு வரும். என் கணவர் அதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே போவார். நான் எவ்வளவு என்று கேட்டதில்லை.

வியாழக்கிழமை ஆடியாலஜிஸ்ட் வந்தார். என்னைவிட வயதில் சின்னப் பெண். அறை முழுவதும் பஞ்சு மெத்தை மாதிரி சுவர். தூங்க வைத்துச் செய்யும் சோதனை மத்தியானம்தான், அதற்கு முன் மிஷினைக் கொண்டுவாருங்கள் என்றார். உறையைக் கழற்றும்போது “அழகா இருக்கே, நீங்க தைச்சதா?” என்றார். ஆமாம் என்றேன்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் மட்டும் என்று இடது காதில் மெதுவாக மாட்டினார். நீங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றார். அபியை மடியில் வைத்தேன். ஆ. மணி விழுந்தது. ஈ. மணி. ஊ, ம், ஸ், ஷ். ஆறு மணியும் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நாலு நாள் ஊசி வேலை செய்துவிட்டது, பிள்ளைக்குக் கேட்கிறது என்று அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் மிஷினின் பட்டன் பேட்டரி இருந்தது.

மாட்டுவதற்கு முன்பே கழற்றியிருக்கிறார். அபியின் காதில் இருந்தது வெறும் பிளாஸ்டிக்.

“தினமும் இதே வரிசைதானா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“இதே மாதிரி மடியில வச்சா?”

“ஆமா.”

நான் ஒவ்வொரு ஒலியையும் சொல்லும்போது என் நெஞ்சின் அசைவு அவள் முதுகில் படுகிறது. அது படாத ஒலிகளுக்கும் வரிசையும் இடைவெளியும் அவளுக்கு மனப்பாடம். கேட்கவே வேண்டாம், மணியைப் போட்டுவிடலாம். “அவ ஏமாத்தலம்மா” என்றார் அந்தப் பெண். “போட்டா நீங்க சிரிக்கிறீங்க. அதுக்குத்தான் போடுறா.”

அதற்குப் பிறகு மிஷினைத் திறந்து காட்டினார். பேட்டரி தொடும் தகட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. சத்தம் உள்ளே போகும் சின்னத் துளையின் வலையில் ஈரம் காய்ந்து உப்பு படிந்திருந்தது. புது பேட்டரி போட்டு, ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு குழாயை மிஷினில் பொருத்தி என் காதில் வைத்தார். தூரத்தில் மூடிய பானைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. நடுவே கரகரப்பு. பிறகு அதுவும் நின்றது. வலது பக்க மிஷினில் கரகரப்பு மட்டும்தான். கையில் பொத்தினால் ‘கீ’ என்று கத்தத்தானே செய்தது என்றேன். பாதி செத்த மிஷினும் கத்தும் என்றார்.

அவர் தன் பெட்டியிலிருந்த வேறு மிஷினை, அபியின் அளவுக்குச் சரிசெய்து இடது காதில் மாட்டினார். அபி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு மேலே கையைக் காட்டி “மழ” என்றாள். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மத்தியானம் தூக்க மருந்து கொடுத்து அடுத்த சோதனை செய்தார்கள். தலையில் சின்னச் சின்ன ஒட்டுகள் வைத்து, காதுக்குள் சத்தம் கொடுத்து, மூளைக்குப் போகும் நரம்பில் அதற்குப் பதில் வருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாலும் நரம்பு பதில் சொல்லும், அதில் மனப்பாடம் செல்லாது. இடது காது இரண்டு வருஷத்துக்கு முன் இருந்தபடியே இருந்தது. வலது காது கொஞ்சம் குறைந்திருந்தது. காய்ச்சலால் குறைந்ததா, முன்பே மெல்ல மெல்லக் குறைந்து வந்ததா, உள்ளே மிச்சமிருக்கும் வீக்கமா என்று கேட்டேன். டாக்டர் நேர்மையாகவே சொன்னார், தெரியவில்லை என்று. ஊசி தேவைப்பட்டிருக்குமா என்று கேட்டேன். “நீங்க சொன்னத வச்சுப் பாத்தா, திங்கக்கிழமை அதுதான்மா சரி” என்றார். நான் சொன்னதை வைத்து.

சாயங்காலம் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது ஆடியாலஜிஸ்ட் கிளம்பத் தயாராக இருந்தார். இருந்தாலும் உட்கார்ந்து விளக்கினார். பூச்சு இல்லாத ஒரு பழைய மிஷினையும் பூச்சு உள்ள புது மிஷினையும் மேஜையில் வைத்து, சிரிஞ்சால் இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பழையதில் சொட்டு பரவி இடுக்குக்குள் இறங்கியது. புதியதில் உருண்டையாக நின்றது. லேசாகச் சாய்த்ததும் சேம்பு இலையில் ஓடுவது போல ஓடி விழுந்தது. இந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, தண்ணீரை ஒட்ட விடாது, அவ்வளவுதான் அதன் வேலை என்றார். நாள் முழுவதும் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் தாங்காது. காற்றிலுள்ள ஈரத்தையும் தடுக்காது. அதற்கு அந்த மணி டப்பாதான். வேர்வையின் உப்பும் எண்ணெயும் பட்டுப் பட்டுப் பூச்சு தேயும். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

என் கணவர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காடாத் துணி மாதிரி நிக்குது” என்றார். “பஞ்சுல இயற்கையா ஒரு மெழுகு உண்டு மேடம். அதான் தண்ணி ஒட்டாது. அந்த மெழுகப் போக்குறதுதான் என் வேலை. போக்கின துணியக் கொண்டாந்து எம் பிள்ள காதுல கட்டிட்டேன்.”

அந்தப் பெண் என்னிடம் திரும்பி, மிஷினை எதை வைத்துத் துடைப்பீர்கள் என்று கேட்டார்.

உலர்ந்த துணியால் என்றேன்.

அது பொய். இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, இடுக்கு விடாமல் துடைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளை காதில் போடுவது, கிருமி இருக்கக்கூடாது என்று. இதை முதன்முதலாக இங்கேதான் சொல்கிறேன். என் கணவர் இன்று வரை துணி மட்டும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உறை பத்து ஜோடியையும் ஒரு நாள் அவரே எடுத்துப்போய் எங்கோ போட்டுவிட்டு வந்தார். வீட்டுக்குத் துணி எதுவும் கொண்டுவருவதில்லை. பூச்சு ஏற்கெனவே போயிருந்ததால்தான் துணியின் ஈரம் உள்ளே இறங்கியதா, பூச்சு இருந்திருந்தாலும் இறங்கியிருக்குமா, எனக்குத் தெரியாது. இதை எழுதி முடித்ததும் அவருக்குத்தான் முதலில் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி ஊசி போட்டதும் வீட்டுக்கு வந்தோம். மதுரையில் மிஷின்களைத் திறந்து, தகட்டையும் சத்தம் வாங்கும் பாகத்தையும் மாற்றித் தந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. மருத்துவமனை நாட்களையும் அதற்கு முந்தைய, எத்தனை என்று தெரியாத நாட்களையும் சேர்த்தால் அபி பல வாரம் சத்தம் இல்லாமல் இருந்திருக்கிறாள். மறுபடி மாட்டியபோது அவளிடம் ‘ச’ இல்லை. போன வருஷம் கஷ்டப்பட்டு வரவழைத்த எழுத்து. சப்பாத்தி, தப்பாத்தி ஆகியிருந்தது. எட்டு மாதப் பயிற்சியில் பாதி திரும்ப வந்திருக்கிறது. சட்டை சரியாகச் சொல்கிறாள். பசி இன்னும் பதிதான்.

இப்போது என் முன்னால் இருக்கும் விஷயம் இதுதான். மிஷின்கள் ஓடுகின்றன. ஆனால் பூச்சு இல்லை. மறுபடி பூச முடியும் என்கிறார்கள். மதுரையில் முடியாது, கம்பெனிக்கே அனுப்ப வேண்டும். திறந்து சுத்தம் செய்து, மூடிய பெட்டி ஒன்றுக்குள் வைத்து ஆவியாகப் பூசுவார்களாம். போய்வர மூன்று வாரம். ஆடியாலஜிஸ்ட் அன்று மாட்டிக் காட்டியது சோதனைக்கு மட்டும் வைத்திருப்பது; வீட்டுக்குக் கடன் கொடுக்க அவள் அளவுக்கு மாற்று மிஷின் யாரிடமும் இல்லை. அனுப்பினால் மூன்று வாரம் சத்தம் இல்லை. பாதி வந்திருக்கிற ‘ச’ என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அனுப்பாவிட்டால் இன்னும் மூன்று நான்கு மாதத்தில் ஐப்பசி. ஒவ்வொன்றாக அனுப்பலாமே என்றார் அத்தான். இடது மிஷின் போயிருக்கும்போது குறைந்துபோன வலது காதை மட்டும் நம்பி மூன்று வாரம் அவளை விட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு அம்மா, வீட்டிலேயே அடிக்கும் ஸ்பிரே இருக்கிறது, வாங்கி அடியுங்கள் என்கிறார். அது அந்தச் சின்ன வலையை அடைத்துவிடுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேட்டேன். அடைக்கலாம், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நானாக ஒன்றைச் செய்து பார்க்கிற தைரியம் எனக்கு இனி இல்லை.

காலைச் சோதனையைத் தொடர்கிறேன். மடியில் வைப்பதில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி நின்று, வரிசையை மாற்றி, நடுநடுவே ஒன்றும் சொல்லாமல் நிற்கிறேன். நேற்று நான் ஒன்றும் சொல்லாத இடத்தில் ஒரு மணி விழுந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கிறேனா என்று. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

இதைப் படிப்பவர்களில் மிஷின் போட்ட பிள்ளையை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். பழைய மிஷினுக்கு மறுபடி பூச்சுப் போட்டவர்கள் இருந்தால், அது ஒரு மழைக்காலம் முழுக்க நின்றதா என்று எழுதுங்கள். அந்த மூன்று வாரத்தைப் பிள்ளையோடு எப்படிக் கடத்தினீர்கள், போன சொற்கள் திரும்பி வந்தனவா என்று எழுதுங்கள். அனுப்ப வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காக மணி போடும் பிள்ளையிடம் கேட்கிறதா கேட்கவில்லையா என்று தெரிந்துகொள்ள நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஆனி முடிவதற்குள் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் எடுத்தாலும் அபி சரி என்றுதான் தலையாட்டுவாள்.